வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கி: சுடுவதற்கு முன் கை பழக வேண்டியவை

தோப்பு நடுவே தனி வீடு, நகைக்கடை, ரொக்கம் புழங்கும் தோல் வியாபாரம் என்று காரணம் காட்டி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகங்களில் லைசென்ஸ் கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது குறி பார்த்துச் சுடுவதைப் பற்றித்தான். வீட்டுக்குள் நடக்கும் துப்பாக்கி விபத்துக்கும் குறிக்கும் சம்பந்தமே கிடையாது. காலி என்று நினைத்த துப்பாக்கியில் ஒரு தோட்டா மிச்சம் இருந்திருக்கும். அல்லது ட்ரிகர் மேல் விரல் இருந்திருக்கும். அல்லது இருட்டில் வந்தவர் வீட்டு ஆளாகவே இருந்திருப்பார். அதனால் பயிற்சி நேரத்தில் பாதியைத் துப்பாக்கியைக் காலி செய்யப் பழகுவதற்கு ஒதுக்குங்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழைக் கேட்கின்றன. அதை வெறும் காகிதமாக வாங்கிக் கோப்பில் சொருகிவிடாதீர்கள். பயிற்சி தருபவர் உங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காலி செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். அது நடக்காவிட்டால் பயிற்சி நடக்கவில்லை.

எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா

9 மி.மீ. பிஸ்டல் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வீட்டுக் காவலுக்கு வாங்குவது பெரும்பாலும் .32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) தான்: அரசுத் தொழிற்சாலைகளில் செய்யும் ஆறு தோட்டா ரிவால்வர், அல்லது எட்டுத் தோட்டா மேகசின் (தோட்டாக்களை அடுக்கும், கழற்றக்கூடிய கூடு) உள்ள அஷானி பிஸ்டல். புதிதாகப் பழகுபவருக்கு ரிவால்வரே மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ரிவால்வரைத் திறந்தால் ஆறு அறையும் ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம்.

இரண்டுக்கும் “.32” என்றே பெயர் இருந்தாலும் தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டாவின் அடியில் நன்றாக வெளியே நீட்டிய விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது, விளிம்பு மிகச் சிறியது. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் அறைகளில் நுழைந்தும்விடும். நுழைகிறதே என்று சுடக் கூடாது. கடையில் வாங்கும்போதே பெட்டியின் மேல் இருப்பதையும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் படித்துப் பாருங்கள்.

காலி செய்யும் முறை

முதலில் அதற்கென்று ஒரு இடம் வேண்டும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் கல் இல்லாமல் சலித்த காய்ந்த மணலை விளிம்பு வரை நிரப்பி, லாக்கர் பக்கத்தில் வையுங்கள். லோடு செய்வதும் அன்லோடு செய்வதும் குழல் இந்த மணலைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். தவறி வெடித்தால் மணல் வாங்கிக்கொள்ளும். மொசைக், கிரானைட் தரையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிஸ்டலில் வரிசைதான் உயிர். விரலை ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். மேகசினை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். அடுத்து ஸ்லைடை, அதாவது முன்பின்னாக நகரும் மேல்பகுதியை, முழுவதும் பின்னால் இழுங்கள். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். அதைக் கையால் பிடிக்கப் பார்க்காதீர்கள், விழட்டும். மூன்று முறை இழுத்த பிறகு, ஸ்லைடைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் பாருங்கள், சுண்டு விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றுபவர்கள் உண்டு. பழைய தோட்டா வெளியே விழுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள், மேகசினும் கைக்கு வந்துவிடுகிறது, காலி என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் சேம்பரில் உட்கார வைத்துவிட்டது. துடைக்க உட்காரும்போது வெடிப்பது இந்தத் தோட்டாதான்.

மடக்கித் திறக்கும் ரிவால்வரில் தாழை அழுத்திக் குழலை மடக்கினால், நடுவில் இருக்கும் நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறையும் சேர்த்துத் தூக்கும். பாதி திறந்து நிறுத்தினால் தோட்டாக்கள் திரும்ப அறைக்குள் சரிந்துவிடும். ஏதாவது ஒன்றின் விளிம்பு தகடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ரிவால்வர் மூடாது. துப்பாக்கியைச் சாய்த்து, ஒரே வீச்சில் முழுவதும் திறந்து, தோட்டாக்களை மேஜை மேல் கொட்டி எண்ணுங்கள். ஆறு இருக்கிறதா? இல்லையென்றால் மிச்சம் எங்கே என்று தெரியும்வரை மூடாதீர்கள்.

இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். வாங்குபவரும் “இப்போதுதான் பார்த்தார்” என்று விட்டுவிடாமல் தானும் பார்க்க வேண்டும். வயதில் மூத்தவர் கொடுத்தாலும் சரி, போலீஸ்காரர் கொடுத்தாலும் சரி. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டில் வெறும் பயிற்சி

வாரம் இரண்டு முறை, பத்து பத்து நிமிடம் போதும். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அறைக்கதவைத் தாழிட்டு, டம்மி (மருந்து இல்லாத போலி) தோட்டா போட்டு, மணல் பக்கெட்டையோ வெளிப்புறச் செங்கல் சுவரையோ பார்த்து ட்ரிகரை மெதுவாக இழுத்துப் பழகுங்கள். ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தி) விழும் நொடியில் குழல் முனை அசைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பழைய ரிவால்வர்களில் டம்மி இல்லாமல் திரும்பத் திரும்ப அடித்தால் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி முனை உடையக்கூடும். பயிற்சி முடிந்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லி உடனே பூட்டுங்கள். தோட்டா போட்ட பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று இழுத்துப் பார்ப்பதில்தான் சுவர் ஓட்டையாகிறது.

நிஜத் தோட்டாவைச் சுடுவது அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும். ஜவ்வாது மலை அடிவாரம், கைவிட்ட கல்குவாரி, வறண்ட கிணறு எதுவும் வேண்டாம். சட்டப்படியும் தவறு, நம் பக்கத்து மலை முழுக்கப் பாறை, பட்ட குண்டு திரும்பும். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். 5 மீட்டர், 7 மீட்டர் தூரத்தில் பழகினால் போதும், வீட்டுக்குள் அதைவிட நீளமான நேர்ப்பாதை அரிது.

ரேஞ்சில் இரண்டு சத்தங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். “டக்” என்ற சத்தம் மட்டும் வந்து வெடிக்கவில்லையென்றால், குழலை இலக்கை விட்டு எடுக்காமல் 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். வழக்கத்தைவிடச் சன்னமாக “புஸ்” என்று வெடித்தால் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். அந்த இடத்திலேயே நிறுத்திக் காலி செய்து, குழலை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) காட்டுங்கள்.

எங்கே வைப்பது

பீரோவில் புடவைகளுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், தலையணைக்குக் கீழ்: இந்த மூன்று இடமும் வீட்டுக் குழந்தைகளுக்கு நமக்கு முன்பே தெரியும். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய சிறிய இரும்பு லாக்கரில் துப்பாக்கி, வேறு பூட்டுள்ள பெட்டியில் தோட்டா. சாவி லைசென்ஸ்தாரரின் உடம்போடு இருக்க வேண்டும். இரவில் கைக்கு எட்ட வேண்டும் என்றால், படுக்கை அருகே எண் பூட்டு உள்ள பெட்டியைப் பொருத்தி, படுக்கும்போது மாற்றி வைத்து, விடிந்ததும் முதல் வேலையாக லாக்கருக்குத் திருப்புங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள் என்று பட்டால், யோசிக்காமல் துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

ஆம்பூரில் அருமையான தோல் உறை தைத்துத் தருவார்கள். எடுத்துச் செல்ல அது சரி, அதிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிடும் உப்புகளும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வேலூர் மே மாத வெயிலில் கை வியர்வை பட்ட இடம் மறுநாளே பழுப்பேறும். தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து ஹேமரை மந்தமாக்கும். தோட்டாவில் எந்த எண்ணெயும் படக் கூடாது, உள்ளே இறங்கினால் மருந்து நமத்துவிடும்.

ராத்திரியில் சத்தம் கேட்டால்

திருடனைத் தேடி அறை அறையாகப் போகாதீர்கள். வீட்டார் எல்லோரையும் ஒரே அறையில் சேர்த்து, தாழ்ப்பாள் போட்டு, 112க்குப் பேசுங்கள். தொடர்பைத் துண்டிக்காமல் வையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வருகிற போலீஸுக்கு நீங்களே ஆபத்தாகத் தெரிவீர்கள். “போலீஸுக்குச் சொல்லியாச்சு, வெளியே போ” என்று உரக்கக் கத்துங்கள்.

டார்ச் தனிக் கையில். யாரென்று முகம் தெரியாமல் குழலை உயர்த்தக் கூடாது. கோடையில் மொட்டை மாடியில் படுத்தவர் தண்ணீர் குடிக்க இரண்டு மணிக்கு இறங்கி வருவார். ஷூ கம்பெனி இரவு ஷிஃப்ட் முடிந்து மகன் பின்வாசலைத் திறப்பான். சென்னையிலிருந்து கடைசி ரயிலில் மாப்பிள்ளை வருவார். வீட்டாருக்குள் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். “யாரது?” என்றால் அந்தச் சொல்லால் பதில் வர வேண்டும்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை நம்பலாம். பிளைவுட் கதவு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல், ஓலைத் தட்டி எதுவும் குண்டை நிறுத்தாது. சைதாப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் ஜன்னலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொட்டில் இருக்கலாம். படுக்கையறையிலிருந்து எந்தத் திசையில் சுடவே கூடாது என்று குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை; தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்கிறது பிரிவு 37. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் மட்டுமே சுடுவதை யோசிக்கலாம் என்று மனதில் நிறுத்துங்கள். காம்பவுண்ட் ஏறி ஓடுகிறவனின் முதுகில் சுடுவதைத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிறுவுவது மிகக் கடினம். சுட நேர்ந்தால் ஆபத்து நீங்கியதும் துப்பாக்கியைக் கீழே வைத்து, 108ஐ அழைத்து, காயத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். அடிபட்டவன் திருடனாக இருந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். காலித் தோட்டாக்கூடுகளைத் தொடாதீர்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே, மணல் பக்கெட்டைப் பார்த்தபடி துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவைத் தனிப் பையில் எண்ணிப் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்டேஷன் மேஜையில் வைத்து அன்லோடு செய்வது ஆபத்து. ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியா என்று அங்கேயே பாருங்கள். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குத்தான், முடியும் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான்.