ஒரு பக்கம் வளருது, ஒரு பக்கம் வளரலையா? தலைமுடி விஷயத்தில் கொடைக்கானல்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையில் ஒரு பக்க முடி மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களுக்கு, பெரும்பாலும் வளரும் வேகத்தில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. முடி வளர்கிறது, ஆனால் பாதியில் உடைந்துபோகிறது. இல்லையென்றால் வளர்ந்து சீக்கிரமே உதிர்கிறது. இல்லையென்றால் உதிர்ந்து முளைக்கிற ஒவ்வொரு முறையும் முன்பைவிட மெலிசாக முளைக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். நமக்கு நடப்பது இதில் எது என்று பார்க்காமலே எண்ணெய் வாங்கக் கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். உச்சந்தலையில் கொஞ்சம் வேகமாகவும் காதோரப் பொட்டுப் பகுதியில் கொஞ்சம் மெதுவாகவும் வளர்வது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் மாதத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தைக் கொண்டுவருவது வேகம் இல்லை, காலம். ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 வருடம் வரை முடியை வளர்க்கும், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வேலையை நிறுத்திக்கொண்டு, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். 3 வருடம் வளரும் முடி 36 சென்டிமீட்டரில் நின்றுவிடும், 6 வருடம் வளரும் முடி 72 சென்டிமீட்டர் வரை போகும், இரண்டும் வளர்ந்த வேகம் ஒன்றேதான். காதோர முடிக்கு இந்தக் காலம் பொதுவாகக் குறைவு. அதனால் பின்னல் இடுப்பைத் தொடும்போதும் காதோரக் கற்றை தோளைத் தாண்டாமல் நிற்கும். இது நோய் இல்லை, இதற்கு மருந்தும் தேவையில்லை.

அளந்து பார்ப்பதிலும் ஏமாறுகிறோம். முடி வெட்டி மூன்று வாரம் ஆனதும் "பிடரியில மட்டும் காடு மாதிரி வளந்துடுச்சு" என்று ஆண்கள் சலூனுக்குத் திரும்பப் போகிறார்கள். பிடரியில் 3 மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டிய முடி 10 மில்லிமீட்டர் ஆனால் மூன்று மடங்காகத் தெரியும், மேலே 5 சென்டிமீட்டர் விட்டுவைத்த முடி அதே அளவு வளர்ந்தாலும் யார் கண்ணுக்கும் படாது. டை அடிப்பவர்களுக்கும் இதே மயக்கம்தான். நரை முதலில் வருவது பெரும்பாலும் காதோரத்தில், அங்கே வேரில் வெள்ளை எட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது, உச்சியில் வளர்ந்ததும் கறுப்பு என்பதால் தெரிவதில்லை. உடனே காதோரம்தான் வேகமாக வளர்கிறது என்று முடிவு கட்டி, அங்கே மட்டும் அடிக்கடி டை பூசித் தோலை அரிக்கவிடுகிறார்கள்.

சரி, உடைகிறதா உதிர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீப்பில் வரும் முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குட்டியாக ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி, நாளுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் உடைகிறது என்று அர்த்தம். தலையில் நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டை முடிகளையும் பாருங்கள்: நுனி ஊசி மாதிரி கூர்மையாக இருந்தால் புதிதாக முளைத்து வருபவை, மொட்டையாகவோ பிளந்தோ இருந்தால் உடைந்தவை.

இந்த உடைகிற விஷயத்தில்தான் மலையில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். இங்கே குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பது பழக்கம், உடம்புக்கு இதமாக இருக்கலாம், ஆனால் தலையில் அது இருக்கிற எண்ணெய்ப்பசையை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் மழை மாதங்களில் நாள் முழுக்க மூட்டம், வெயிலே வராது, முடி காய்வதற்குள் வேலைக்குப் போக வேண்டும், ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு மேலே ஸ்கார்ஃபும் கட்டிவிடுகிறார்கள். ஈர முடி காய்ந்த முடியைவிடப் பலம் குறைந்தது, இழுத்தால் நீளும், அதற்கு மேல் தாங்காமல் அறுந்துவிடும். ரப்பர் பேண்ட் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த உயரத்திலேயே சுற்றிவர அறுந்து நிற்கும் முடியை நீங்களே பார்த்திருப்பீர்கள். துண்டால் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, முடிந்தவரை காயவிட்டுப் பின்னுங்கள். அவசரம் என்றால் தளர்வாகக் கட்டுங்கள்.

கம்பளிக் குல்லாவும் இதில் சேர்த்திதான். முரட்டுக் கம்பளி நாள் முழுக்க நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் உராய்ந்துகொண்டே இருக்கும், முடி அங்கேதான் மெலிசு. குல்லாவைக் கழற்றச் சொல்லவில்லை, ஜனவரியில் யாராலும் முடியாது. உள்ளே மெல்லிய வழவழப்பான துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், போதும். எப்போதும் ஒரே பக்கம் படுத்துத் தூங்குபவர்களுக்கு அந்தப் பக்க முடியும், விறகுச் சுமை தூக்குபவர்களுக்குச் சும்மாடு வைக்கும் இடத்து முடியும் இதே காரணத்தால்தான் குட்டையாகத் தெரியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை போடும்போது புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்துப் பின்னாதீர்கள், தயவுசெய்து. பின்னி முடித்ததும் பிள்ளை "வலிக்குதும்மா" என்று சொன்னாலோ, நெற்றி ஓரத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பினாலோ, மயிர்க்கால் இழுபடுகிறது. சீக்கிரம் நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதற்கு அப்புறம் எந்த எண்ணெயும் உதவாது.

அடுத்தது பூண்டு. எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போய்விட்டால் நாம் புழுவெட்டு என்கிறோம், உடனே பச்சைப் பூண்டை நசுக்கித் தேய்க்கச் சொல்வார்கள். நம் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரமும் மணமும் அதிகம், குழம்பில் போட்டால் அருமை. அதையே தோலில் வைத்துக் கட்டினால் தீக்காயம் மாதிரி கொப்புளம் வரும். புழுவெட்டில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது அது, சீப்பாலும் தலையணையாலும் யாருக்கும் ஒட்டாது. ஒன்றிரண்டு சின்ன வட்டங்கள் பல பேருக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும், முதலில் முளைப்பது வெள்ளையாகக்கூட இருக்கும், அப்புறம் கறுக்கும். அந்த நேரத்தில் பூண்டு தேய்த்திருந்தால் பேர் பூண்டுக்குப் போய்விடுகிறது. வட்டம் பெரிதானாலோ எண்ணிக்கை கூடினாலோ தோல் மருத்துவர் அந்த இடத்திலேயே ஊசி போடுவார். யூகலிப்டஸ் தைலத்தையும் அப்படியே தலையில் ஊற்றித் தேய்க்காதீர்கள், எரிச்சலும் அலர்ஜியும் வரும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள், விழுங்கினால் அது விஷம்.

மலைக்குக் கீழே பழனி இருக்கிறது, மொட்டை நமக்குப் புதிதில்லை. வேண்டுதலுக்கு மொட்டை போடுவது வேறு. முடி சீராக வளரட்டும், அடர்த்தியாகட்டும் என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப மொட்டை அடிப்பது வீண். வெளியே தெரியும் முடி உயிரில்லாதது, அதை வெட்டிய செய்தி கீழே இருக்கும் மயிர்க்காலுக்குப் போகாது. சவரம் செய்வதால் முடியின் வேகமோ தடிமனோ மாறுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து எழுதிவிட்டார். நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். மொட்டை அடித்த புதிதில் திட்டுத் திட்டாகத் தெரிவதும் இயல்பு, ஏனென்றால் பத்தில் ஒரு பங்கு மயிர்க்கால் எப்போதும் ஓய்வில் இருக்கும், அவை முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், சுழி இருக்கும் இடத்தில் முடி சாயும் திசையும் மாறும். கைக்குழந்தைக்குப் பின்தலையில் முடி போனால் தூளியைத் திட்ட வேண்டாம், பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பகுதி முடி உதிர்ந்து புதிது வருவதுதான் முறை.

படிப்புக்கோ வேலைக்கோ மேலே வந்தவர்கள் "மலைத் தண்ணி ஒத்துக்கல" என்பார்கள். தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைத்தது இவற்றுக்கான உதிர்வு உடனே வராது, அவ்வளவு தாமதமாகத்தான் வரும். தலை முழுக்க உதிர்ந்தாலும் ஏற்கெனவே மெலிசாக இருக்கும் காதோரத்தில் முதலில் தெரியும், அதனால் ஒரு இடத்துப் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். அதற்கு முன் முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அது தைராய்டு முடிவையே தப்பாகக் காட்டக்கூடும்.

ஆண்களுக்கு ஏறுநெற்றியும் உச்சி வழுக்கையும், பெண்களுக்கு அகன்றுகொண்டே போகும் வகிடும் வேறு கதை. அங்கே மயிர்க்கால் ஹார்மோனுக்கு இசைந்து சுருங்குகிறது, பிடரி மயிர்க்கால் சுருங்குவதில்லை. பிடரி முடியை எடுத்து வழுக்கையில் நட்டால் அது தன் பழைய குணத்தோடே வளரும் என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதினார், இன்றைய முடி மாற்றுச் சிகிச்சை அதில்தான் நிற்கிறது. இதற்கு மினாக்சிடில் என்ற பூசும் மருந்தை வாங்கி ஒரு மாதம் பூசி, "இருந்ததும் கொட்டுது" என்று தூக்கிப் போடுகிறார்கள். முதல் சில வாரம் உதிர்வது அந்த மருந்தின் வழக்கம், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். அதனால் மருத்துவரிடம் பேசிவிட்டு, தொடர முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

பிள்ளையின் தலையில் செதிலோடு திட்டு இருந்து, முடி தோலோடு ஒட்டி ஒடிந்து நின்றால் அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் அதை மறைத்துப் பெரிதாக்கும், பூசும் மருந்து மட்டும் போதாது, வாய்வழி மாத்திரை தேவைப்படும். சீழ், வலி, அல்லது மயிர்த்துளையே தெரியாத பளபளப்பான தழும்பு இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தேனி, திண்டுக்கல், மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. கீழே இறங்கும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், எண்ணெய் இருந்தால் செதிலும் ஒடிந்த முடியும் சரியாகத் தெரியாது. இதுவரை பூசியதையும் சாப்பிட்டதையும் அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் ஒரே ஜன்னல் ஓரத்தில் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.