காலேஜ் கான்ஃபரன்ஸை விட்டு வெளிய போற கேஸ்: மெமோ எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுல கான்ஃபரன்ஸ்னா காலேஜ் டீமுங்க சேந்து ஆடுற லீக், டிவி காசையும் சேந்தே பிரிச்சுக்குவாங்க. அந்த காலேஜ் ஸ்போர்ட்ஸ் டிவி கான்ட்ராக்ட் வேலைக்கு புதுசா வர்ற பசங்க எழுதுற மெமோவைப் படிச்சா, நாங்க ஆரம்பத்துல பண்ணின அதே தப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது. தேதி மாத்தி எழுதுறதெல்லாம் யாராவது திருத்திடுவாங்க, அதை விட்டுடலாம்.

எக்ஸிட் ஃபீஸை மட்டும் கணக்கு போடுறது

இதைப் பாத்தா இன்னிக்கும் எனக்கு கோவம் வருது. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி, ஏசிசியை (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) விட்டுப் போகப் பாத்தப்ப எக்ஸிட் ஃபீஸ் கான்ஃபரன்ஸோட வருஷ பட்ஜெட்டைப் போல மூணு மடங்கு, சுமார் 14 கோடி டாலர். தம்பி ஒருத்தர் அதை மட்டும் எடுத்துக்கிட்டு, புது கான்ஃபரன்ஸ்ல கூடுதலா வர்ற காசுல இத்தனை வருஷத்துல கடன் அடைஞ்சிடும்னு அழகா டேபிள் போட்டுக் கொண்டு வந்தாரு. கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்னு ஒரு வரி கூட அதுல இல்ல. அது இல்லாத டேபிளை வச்சு ஒரு காலேஜ் போர்டு ஓட்டு போட்டா என்ன ஆகும்!

2013ல ஏசிசி காலேஜுங்க தங்களோட ஹோம் மேட்ச் டெலிகாஸ்ட் உரிமையை கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க, இதுதான் கிராண்ட் ஆஃப் ரைட்ஸ், 2016ல ஈஎஸ்பிஎன் சேனல் டீலோட சேத்து அதை 2036 வரைக்கும் நீட்டினாங்க. காலேஜ் வெளிய போனாலும் அந்த உரிமை கூட வராது. குத்தகைக்கு எழுதிக் குடுத்த நிலத்தை, நான் ஊரை விட்டுப் போறேன்னு சொல்லி இன்னொருத்தருக்கு குத்தகைக்கு விட முடியுமா? ஹோம் மேட்ச்சையே காட்ட முடியாத டீமுக்கு புது கான்ஃபரன்ஸ் எதுக்கு டிவி காசுல பங்கு குடுக்கணும்? அதனாலதான் மொத்த அடி 57.2 கோடி டாலர்னு ஃப்ளோரிடா ஸ்டேட் தன்னோட கேஸ்ல சொன்னுச்சு.

உடனே, முன்னாடி ஏசிசியை விட்டுப் போன மேரிலாண்ட் யுனிவர்சிட்டியைக் காட்டுவாங்க. எக்ஸிட் ஃபீஸ் நஷ்ட ஈடு இல்ல, அபராதம், அதனால செல்லாதுன்னு வாதாடலாம், மேரிலாண்ட் அப்படித்தான் சண்டை போட்டு, 5.2 கோடிக்கு மேல கேட்டதை 2014ல சுமார் 3.1 கோடியில முடிச்சுது, சரி. ஆனா மேரிலாண்ட் கிளம்புறேன்னு சொன்னது 2012 நவம்பர், கிராண்ட்ல கையெழுத்தானது 2013 ஏப்ரல். மேரிலாண்ட் அதுல கையெழுத்தே போடல! கையெழுத்து போட்டவங்க கதை வேணும்னா டெக்சாஸ், ஓக்லஹோமாவைப் பாருங்க, 2021ல பிக் 12ங்கிற கான்ஃபரன்ஸை விட்டுப் போறோம்னு சொல்லி, ரெண்டும் சேந்து 10 கோடி டாலர் விட்டுக் குடுத்தும் கிராண்ட் முடிய ஒரே ஒரு வருஷம் முன்னாடி, 2024லதான் போக முடிஞ்சுது.

எந்த ஊர் கோர்ட்டுன்னு கடைசியில யோசிக்கிறது

ஃப்ளோரிடா ஸ்டேட் தன் ஊர்ல கேஸ் போட்டது 2023 டிசம்பர் 22. முந்தின நாளே ஏசிசி நார்த் கரோலினாவுல போட்டுடுச்சு. அப்புறம் ஒரே சண்டை ரெண்டு ஸ்டேட்ல ஓடுச்சு, வக்கீல் செலவும் ரெண்டு பக்கமும். இன்னொரு ஏசிசி காலேஜான கிளெம்சன் 2024 மார்ச்ல சவுத் கரோலினாவுல முந்திக்கிச்சு, மறுநாளே ஏசிசி நார்த் கரோலினாவுல பதிலுக்குப் போட்டுது.

பைலா (கான்ஃபரன்ஸோட விதிமுறை) படிக்காம நோட்டீஸ் அனுப்புறது

கிளம்புறோம்னு நோட்டீஸ் குடுத்தா கான்ஃபரன்ஸ் போர்டுல உங்க சீட் போயிடுமான்னு முதல்ல பாருங்க. பேக் 12ங்கிற கான்ஃபரன்ஸ்ல 10 காலேஜ் கிளம்பினதும், மிச்சம் நின்ன ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2023ல பைலாவைக் காட்டி கோர்ட்டுக்குப் போயி போர்டைத் தங்க கைக்குக் கொண்டு வந்துட்டாங்க.

"கிராண்ட் செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு"

சொல்லல. ஏசிசி கேஸ் எல்லாம் சமரசத்துல முடிஞ்சுது.

பழைய நம்பரை ஒட்டுறது

2025 மார்ச் சமரசத்துக்கு அப்புறம் ஏசிசியில அந்த மூணு மடங்கு கணக்கு கிடையாது. 2025-26ல 16.5 கோடி டாலர், வருஷத்துக்கு 1.8 கோடி குறைஞ்சு 2030-31ல 7.5 கோடி, அதைக் கட்டிட்டா டெலிகாஸ்ட் உரிமையையும் கையோட கொண்டு போயிடலாம். இது ஏசிசிக்கு மட்டும்தான், வேற கான்ஃபரன்ஸ் மெமோவுல இந்த நம்பரைப் போடாதீங்க, அவங்க பேப்பரைக் கேட்டு வாங்கி முழுசாப் படிச்சிட்டு எழுதுங்க.