காட்டின் விளிம்பை அளக்கும் முறை: மடகாஸ்கர் தீவை முன்வைத்து

ஒரு தீவில் காடு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுவது எளிது; மிஞ்சிய காடு எப்படித் துண்டுபட்டுக் கிடக்கிறது என்று காட்டுவதில்தான் வேலை இருக்கிறது. மடகாஸ்கர் 1953க்கும் 2014க்கும் இடையில் தன் இயற்கைக் காட்டில் 44 சதவீதத்தை இழந்தது; எஞ்சியதிலும் 46 சதவீதம் காட்டு விளிம்பிலிருந்து 100 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணைப் பெறும் வழியையே இங்கே விளக்குகிறேன்.

படங்களுக்குக் குறைவில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளே போதும். ஆனால் ஒப்பிடும் ஆண்டுகளின் படங்கள் ஒரே பருவத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். தீவின் மேற்கிலுள்ள வறண்ட காடுகள் மழையற்ற மாதங்களில் இலையுதிர்த்து நிற்பதால், ஓர் ஆண்டின் மார்ச் படத்தை இன்னோர் ஆண்டின் செப்டம்பர் படத்தோடு ஒப்பிட்டால், யாரும் கோடரி வைக்காத காடும் அழிந்ததாகத் தோன்றும்.

அடுத்து, படத்தைக் காடு, காடல்லாதது என வகைப்படுத்தத் தொடங்குமுன், எது காடு என்பதை எழுதி வையுங்கள். நடுமேட்டு நிலத்தின் யூகலிப்டஸ் தோப்பு படத்தில் காட்டைப் போலவே பச்சையாகத் தெரியும். அதைச் சேர்த்துக்கொண்டால் இழப்பு குறைந்துபோகும். கடலைக் காடல்லாத நிலமாகக் குறிக்காமல், தரவு இல்லாத பகுதியாக விட்டுவிடுங்கள். இல்லையேல் மேற்குக் கரையின் அலையாத்திக் காட்டின் கடலோரம் முழுவதும் வெட்டுப்பட்ட விளிம்பாகக் கணக்கில் ஏறிவிடும். தீவை ஆராய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இனி விளிம்பு. காடல்லாத இடத்திலிருந்து ஒவ்வொரு காட்டுப் பிக்சலும் (படத்தின் மிகச் சிறிய சதுரப் புள்ளி) எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மென்பொருளைக் கணக்கிடச் சொல்லி, 100 மீட்டருக்கு மேற்பட்டவற்றை மட்டும் உட்காடு எனப் பிரியுங்கள். பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் உள்ள சதுரக் காட்டின் பரப்பு 100 ஹெக்டேர். அதில் உட்காடு 64 ஹெக்டேர். நடுவே ஒரு குறுகிய பாதை போனால், மொத்தப் பரப்பு ஏறக்குறைய அப்படியே இருக்க, உட்காடு 48 ஆகிவிடும். குறுக்கே இன்னொன்று போனால் 36. லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலில் இத்தகைய பாதை தெரியாமலே போகக்கூடும் என்பதால், பாதைகளைத் தெளிவான படத்தைப் பார்த்துக் கையால் வரைந்து சேர்ப்பது நல்லது.

இதே காரணத்தால் சிறு பிழையும் பெரிதாகும். அடர்காட்டின் நடுவே மேக நிழலால் ஒரேயொரு பிக்சல், அதாவது 0.09 ஹெக்டேர், வெட்டவெளி என்று தவறாகப் பதிந்தால், அதைச் சுற்றி மூன்று ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு விளிம்பாகிவிடும். ஆகவே தனித்த பிக்சல்களை அளக்குமுன்பே சல்லடையிட்டு நீக்க வேண்டும். அந்தச் சல்லடையின் கண் பெரிதாகவும் கூடாது. கிழக்குச் சரிவுகளில் ‘தாவி’ முறையில் காட்டை எரித்து நெல் விதைக்கும் குடும்பங்களின் வயல்கள் சிறியவை, அவையும் சேர்ந்தே காணாமல் போய்விடும்.