படுக்கை நிரம்பும் முன்: பெருந்தொற்று அலையில் உள்ளாட்சி செய்ய வேண்டியவை

ஊரில் உள்ள கோவிட் படுக்கைகளில் 60 சதவீதம் நிரம்பிவிட்டது, உள்நோயாளிகளின் எண்ணிக்கை 7 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 சதவீதம் நிரம்ப 5 நாள் போதும். 40 சதவீதம் நிரம்பியிருக்கும்போதே வேலையைத் தொடங்கியிருந்தால் 9 நாள் கையில் இருந்திருக்கும். ஆக்சிஜன் குழாய் பதிப்பதற்கும், செவிலியர்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுப்பதற்கும் 5 நாள் போதாது. ஆகவே "80 சதவீதம் ஆகட்டும், பார்க்கலாம்" என்று எந்த நிர்வாகமும் காத்திருக்கக் கூடாது. எந்த எண்ணிக்கையில் எந்தக் கூடம் திறக்கும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதை அலை வருமுன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கோவிடில் மூச்சுத் திணறல் பெரும்பாலும் அறிகுறி தோன்றி 5 முதல் 10 நாளுக்குள் வருகிறது. இன்று பரிசோதனைக் கூடத்தில் உயரும் எண்ணிக்கை, அடுத்த வாரம் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிடும். தினமும் மூன்று எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்: பரிசோதித்தவர்களில் தொற்று உறுதியானவர்களின் விகிதம், எல்லா மருத்துவமனைகளும் சேர்ந்து ஒரு நாளில் செலவழித்த ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் வாசலில் காத்திருக்கும் சராசரி நேரம். மூன்றாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. படுக்கைக் கணக்கு சரியாக இருப்பதாகக் காகிதம் சொன்னாலும், வாசல் நெரிசலை இந்த எண் முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டுப்பாட்டு அறை

ஊருக்கு ஒரே தொலைபேசி எண், ஒரே படுக்கைப் பட்டியல் என்பதுதான் அடிப்படை. பெரிய நகரமானால் வேலையை வார்டு வாரியாகப் பிரிக்க வேண்டும். 2020-இல் மும்பை மாநகராட்சி தன் 24 வார்டுகளிலும் தனித்தனி வார் ரூம் (கட்டுப்பாட்டு அறை) வைத்தது. பரிசோதனை முடிவு முதலில் மாநகராட்சிக்கு வரும், அங்கிருந்து வார்டுக்குப் போகும், வார்டு நோயாளியை அழைக்கும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதை இது குறைத்தது.

பட்டியலில் படுக்கைகளை நான்கு வகையாகப் பிரியுங்கள்: ஆக்சிஜன் இல்லாதவை, ஆக்சிஜன் உள்ளவை, ஹை ஃப்ளோ (மூக்கு வழியாக அதிக ஓட்டத்தில் ஆக்சிஜன் செலுத்தும் கருவி) அல்லது பைபேப் (முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்று தரும் கருவி) வசதி உள்ளவை, வென்டிலேட்டருடன் கூடிய ஐ.சி.யூ. அந்த வேளைப் பணியில் செவிலியர் இருக்கும் படுக்கையை மட்டும் எண்ணுங்கள். கட்டிலும் மெத்தையும் இருந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தைக் காலி என்று காட்டினால், ஆம்புலன்ஸ் அங்கே போய்த் திரும்பும்.

பட்டியல் பழையதாகிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தொலைபேசியில் பேசிச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள். பெரிய தனியார் மருத்துவமனைகளில் நிர்வாகத்தின் ஆள் நேரில் இருப்பதே நல்லது. படுக்கை ஒதுக்கும்போது இரண்டு மணி நேரக் கெடு வையுங்கள். அதற்குள் நோயாளி போய்ச் சேராவிட்டால் அழைத்துக் காரணம் கேளுங்கள். வேறு இடத்தில் சேர்ந்திருந்தால் அந்தப் படுக்கையை உடனே விடுவித்துவிடலாம்.

ஒரு தொலைபேசி இருக்கையை 24 மணி நேரமும் நிரப்ப, விடுப்பையும் காய்ச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5 பேர் வேண்டும். மூன்று பேரை மட்டும் வைத்துத் தொடங்கும் அறை இரண்டாவது வாரத்தில் படுத்துவிடும். இரவிலும் ஒரு மருத்துவர் அறையில் இருக்க வேண்டும். அழைப்பவரிடம் கேட்க வேண்டியவை சில மட்டுமே: வயது, அறிகுறி தொடங்கி எத்தனை நாள், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் சதவீதம்), ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உண்டா, கர்ப்பமா. அழைப்புகளை எடுக்கும் எண்ணிலிருந்து வெளியே பேசக் கூடாது, அதற்கு வேறு இணைப்பு வையுங்கள்.

தரம் பிரிக்கும் மையம்

தொற்று உறுதியான எல்லோரும் பெரிய மருத்துவமனை வாசலுக்குப் போனால், அங்கே மருத்துவரின் பாதி நேரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்களைப் பார்ப்பதிலேயே போய்விடும். மருத்துவமனைக்கு வெளியே, பள்ளியிலோ சமூகக் கூடத்திலோ ஒரு மையம் திறந்து அவர்களை முதலில் அங்கே வரச் செய்யுங்கள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வாகனம் வாசல் வரை வர வேண்டும். காத்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்களுக்கு காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர்கள் ஐந்தாறு தயாராக இருக்கட்டும்.

இந்திய வழிகாட்டுதல்படி, ஆக்சிஜன் அளவு 94 அல்லது அதற்கு மேல் இருந்து மூச்சுத் திணறலும் இல்லையென்றால் வீட்டுத் தனிமை. 90 முதல் 93 வரை இருந்தால் ஆக்சிஜன் படுக்கை. 90-க்குக் கீழே போனால் ஐ.சி.யூ. வசதி உள்ள இடம். நிமிடத்துக்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுபவரை, ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லையில் இருப்பவர்களை ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் அவர் வீட்டுக்குப் போகக் கூடாதவர். ஏற்கெனவே 94-க்குக் கீழே இருப்பவரை நடக்க வைக்கவே வேண்டாம்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை அவசரமாகப் படிப்பதால்தான் பல தவறுகள் நேர்கின்றன. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நின்ற பிறகு எழுத வேண்டும். கருமையான தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆளைப் பார்க்கும்போது சரியில்லை என்று தோன்றினால் 95 என்ற எண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பியவர்களைத் தினமும் ஒருமுறை அழையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இருமுறை. ஆக்சிமீட்டர் வாங்க முடியாத வீடுகளுக்கு வார்டு அலுவலகம் இரவல் தரட்டும், நலமானதும் திரும்ப வாங்கித் துடைத்து அடுத்த வீட்டுக்கு.

ஆக்சிஜன் கணக்கு

இதைப் பொறியாளரிடம் மட்டும் விட்டுவிடாமல் ஆணையரும் சுகாதார அலுவலரும் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 100 படுக்கை மையத்தில் 60 பேருக்கு மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர், அது 240. முகமூடியில் 30 பேருக்கு 10 லிட்டர் வீதம் 300. ஹை ஃப்ளோ கருவியில் 10 பேருக்கு 50 லிட்டர் வீதம் 500. மொத்தம் நிமிடத்துக்கு 1,040 லிட்டர், நாளுக்கு ஏறத்தாழ 1,500 கன மீட்டர். பெரிய டி வகை சிலிண்டர் ஒன்றில் சுமார் 7 கன மீட்டர் இருக்கும், அப்படியானால் நாளுக்கு 214 சிலிண்டர். திரவ ஆக்சிஜனாக என்றால் சுமார் 2 டன்.

இதில் ஏறக்குறைய பாதியை 10 நோயாளிகளே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்த மையத்தில் எத்தனை ஹை ஃப்ளோ கருவி இயங்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சிலிண்டரை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் அவை வேண்டாம்.

இனி வேப்பரைசர். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும், தொட்டிக்கு வெளியே உள்ள துடுப்புக் குழாய்கள்தான் அதைச் சூடாக்கி வாயுவாக்கித் தருகின்றன. மேலே சொன்ன மையத்துக்கு மணிக்கு 62 கன மீட்டர் வேண்டும். வேப்பரைசர் மணிக்கு 50-க்கு வடிவமைக்கப்பட்டிருந்தால், தொட்டி நிரம்பியிருந்தாலும் துடுப்புகளில் பனி கெட்டியாகி அழுத்தம் இறங்கும். கடைசிப் படுக்கைகளில் உள்ளவர்கள்தான் முதலில் தவிப்பார்கள். புதிதாகப் படுக்கை சேர்க்கும் முன் தொட்டியின் அளவோடு வேப்பரைசரின் திறனையும் குழாயின் விட்டத்தையும் கேளுங்கள். இரண்டு வேப்பரைசர்களை மாற்றி மாற்றி இயக்கினால் பனி உருக நேரம் கிடைக்கும்.

தொட்டிக்கு மாற்றாக, முழுவதும் தனியான சிலிண்டர் மேனிஃபோல்டு (பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் அமைப்பு) ஒன்று இருந்தே ஆக வேண்டும். 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக்கில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் திரவத் தொட்டியில் கசிவு ஏற்பட்டு விநியோகம் தடைபட்டதில் 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். மாற்று வழி தானாகத் திறக்க வேண்டும், அடுத்த டேங்கர் வரும் வரை தாங்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சிலிண்டர் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, ஆக்சிஜன் பட்டால் தீப்பற்றும்.

சேமிப்பது வார்டுக்குள் நடக்கிறது. ஒவ்வொரு பணி வேளையிலும் ஒரு செவிலியர் அளவுகளைச் சுற்றிப் பார்த்து, 99 காட்டும் நோயாளிக்கு ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 92 முதல் 96 வரை போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. சாப்பிடும்போது கழற்றி வைத்த முகமூடி திறந்தபடியே ஓடிக்கொண்டிருப்பதைப் பல வார்டுகளில் பார்க்கலாம்.

கழிப்பறையையும் மறக்காதீர்கள். ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுத் தூரத்துக் கழிப்பறைக்கு நடந்து போய் மயங்கி விழுபவர்கள் உண்டு. ஆக்சிஜன் படுக்கைகளைக் கழிப்பறைக்கு அருகில் போடுங்கள். சக்கர வண்டியில் ஒரு சிறிய பி வகை சிலிண்டர் நிற்கட்டும். அதில் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 5 மணி நேரம் வரும். அதே சிலிண்டர் ஆம்புலன்ஸில் 10 லிட்டர் வீதம் ஓடினால் இரண்டரை மணி நேரம்தான். வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய மருத்துவமனை வாசலிலும் மாற்றுச் சிலிண்டர்களோடும் ஸ்பேனரோடும் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

வெளியேறும் வழி

தற்காலிக மருத்துவமனை கட்டுவதென்றால் யாருக்காக என்பதை முதலில் தீர்மானியுங்கள். 2020 ஏப்ரலில் லண்டனில் கண்காட்சி அரங்கில் திறந்த நைட்டிங்கேல் மருத்துவமனை வென்டிலேட்டர் நோயாளிகளுக்கென்றே அமைந்தது. முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். தீவிர சிகிச்சை தெரிந்த செவிலியர்களைக் கூடாரத்தோடு சேர்த்துக் கட்ட முடியாது. வூஹானில் 2020 பிப்ரவரியில் அரங்கங்களை மாற்றி அமைத்த 16 ஃபாங்சாங் மருத்துவமனைகள் லேசான, மிதமான பாதிப்புள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டதால் நிரம்பி இயங்கின. உள்ளாட்சி அமைக்கும் மையமும் இந்த வகையாகவே இருக்கட்டும். 2 லிட்டர் ஆக்சிஜனில் நிலையாக இருப்பவரைப் பெரிய மருத்துவமனையிலிருந்து இங்கே இறக்கினால், மேலே ஓர் இடம் அன்றே காலியாகும்.

வீட்டுக்குப் போகிறவர்களின் பட்டியல் காலை 9 மணிக்குத் தயாராகி, படுக்கை மதியத்துக்குள் துடைத்து முடிந்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வண்டி இல்லாததும் ரசீது முடியாததும்தான், மருத்துவம் அல்ல. இதற்கு ஆம்புலன்ஸை எடுக்காதீர்கள், ஓட்டுநர் பகுதி தடுக்கப்பட்ட வேன் போதும். உடல்களை ஒப்படைக்கவும் தனியாக ஒரு அலுவலரும் வாகனமும் வேண்டும். குடும்பத்துக்கு நேரம் சொல்லி, ஒருமுறையாவது முகம் காட்டி அனுப்புங்கள்.

அலை இறங்கத் தொடங்கியதும் முதலில் மூட வேண்டியவை ஆக்சிஜன் இல்லாத படுக்கைகள். அடுத்து, நிலையானவர்களை இறக்கி வைக்கும் தற்காலிக மையங்கள். தரம் பிரிக்கும் மையத்தையும் தொலைபேசி எண்ணையும் கடைசி வரை வைத்திருங்கள். குழாய்களைப் பிரிக்காமல் முனைகளை மூடி வைத்து, வால்வுகளின் படத்தை நிர்வாகப் பொறியாளரிடமும் மருத்துவமனையிலும் ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்துவிடுங்கள்.