ஓடும் டேட்டாபேஸுக்கு பேக்கப்: லாக்கையும் சேர்த்து வையுங்கள்

பெங்களூர் அல்சூரில் நான் பார்த்துக்கொள்ளும் மொத்த மளிகைக் கடையில் விடிவதற்கு முன்பே பில் போடத் தொடங்கிவிடுவார்கள். பேக்கப்புக்காக சர்வரை நிறுத்தும்படி அண்ணாச்சியிடம் கேட்க முடியாது. கேட்கத் தேவையும் இல்லை.

மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், தரவை ஒரு கோப்பாக (டம்ப்) எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப்பை 'சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துக்கொள்ளும், பில் நிற்காது. இது இன்னோடிபி என்ற சேமிப்பு வகை டேபிள்களுக்கு மட்டும்தான். பழைய மைஐசாம் வகை டேபிள் இருந்தால் முதலில் இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள். டம்ப் ஓடும்போது யாரும் டேபிளின் அமைப்பில் கை வைக்கக் கூடாது.

கூடவே 'சோர்ஸ்-டேட்டா=2' சேருங்கள்; 8.0.26-க்கு முன் இதற்கு 'மாஸ்டர்-டேட்டா' என்று பெயர். தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் வரிசையாக எழுதிவைக்கும் பதிவுதான் பைனரி லாக். டம்ப் எந்த பைனரி லாக் கோப்பில், அதில் இடத்தைக் காட்டும் எந்த எண்ணில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு கோப்பின் தொடக்கத்திலேயே பதிவாகும். அந்த ஒரு வரி இல்லாத டம்ப்பை நான் பேக்கப் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

டம்ப் நேற்றிரவு வரை எழுதி முடித்த பேரேடு. பைனரி லாக் இன்றைய சிட்டை. அதை அதே வட்டில் விட்டுவைக்காதீர்கள். வேறொரு கணினியில், லாக்கைப் படிக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்பின்லாக்கை 'ரா', 'ஸ்டாப்-நெவர்' விருப்பங்களோடு சர்வரை நோக்கி ஓடவிட்டால் லாக் உடனுக்குடன் அங்கே சேரும். இணைப்பு அறுந்தால் தானாக மீண்டும் சேராது; எழுப்பிவிட ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றும் நகல் சர்வரான ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பார்கள். பில்லிங் மென்பொருளைத் திருத்த வந்த ஒருவர் நிபந்தனை போடாமல் டெலீட் கொடுத்தார். மறுகணமே ரெப்ளிகாவிலும் டேபிள் காலி. டம்ப்பை வேறு சர்வரில் ஏற்றினேன். லாக்கை 'வெர்போஸ்' விருப்பத்தில் விரித்து அந்த டெலீட்டைத் தேடிப் பிடித்தேன். டம்ப்பில் குறித்திருந்த எண்ணை 'ஸ்டார்ட்-பொசிஷன்' என்றும், டெலீட் பரிவர்த்தனை தொடங்கும் எண்ணை 'ஸ்டாப்-பொசிஷன்' என்றும் கொடுத்து, இடைப்பட்ட மாற்றங்களை அந்த சர்வரில் ஓட்டினேன். பிறகு அது முடியும் எண்ணிலிருந்து மிச்சத்தை ஓட்டினேன். நேரத்தை வைத்து வெட்டாதீர்கள், ஒரே வினாடியில் நாலைந்து பில் விழுந்திருக்கும். லாக் கோப்புகள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடுங்கள்.

லாக்கின் ஆயுள் இயல்பாக 25,92,000 வினாடி, அதாவது 30 நாள். வட்டு நிறைகிறதென்று அதை ஒரு நாளாகச் சுருக்குபவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. சனிக்கிழமை நின்ற ரெப்ளிகா திங்களன்று எழுந்து கேட்கும்போது லாக் அழிந்திருக்கும்; 1236 பிழைதான் வரும். அப்போது புதிய டம்ப்பை ரெப்ளிகாவில் ஏற்றி, அதில் உள்ள கோப்புப் பெயரையும் எண்ணையும் கொடுத்து அங்கிருந்து ஓடவிடுங்கள்.