போன் நிரம்பும்போது படங்களை இழக்காமல் இடம் மீட்பது எப்படி?

அப்பாவின் போனில் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்த அன்று, துப்புரவுச் செயலி ஒன்றை நிறுவித் திறந்தேன். ‘மங்கலான படங்கள்’ என்று அது தொகுத்துக் காட்டிய வரிசையில், திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து பாதி முகம் திரும்பியிருந்த அப்பத்தாவின் படமும் இருந்தது. எடுத்தவர் கை அசைந்ததால் கலங்கிப்போன படம்தான். ஆனால் அவர் இறப்பதற்கு முன் எடுத்த கடைசிப் படம் அது. அந்த வரிசையில் எல்லாப் படங்களின் மூலையிலும் நீல நிற டிக் குறி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்துவது மட்டுமே பாக்கி. எது மங்கல் என்பதைச் செயலியால் கண்டுபிடிக்க முடியும், எது வேண்டாதது என்பதை முடியாது. ஆகவே, செயலி முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும் குறிகள் அனைத்தையும் முதலில் நீக்கிவிட்டு, நீங்களே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு, ஆண்ட்ராய்டு போன்களைப் பொறுத்தவரை என் பதில் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’. 2017 டிசம்பரில் ‘ஃபைல்ஸ் கோ’ என்ற பெயரில் வெளிவந்த இது இலவசமானது, விளம்பரத் தொந்தரவும் இல்லாதது. பல போன்களில் வாங்கும்போதே இருக்கும். துப்புரவு செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள், ஏனெனில் படத்தை அழிப்பதற்கு அவை எதுவும் தேவையில்லை.

எதையும் அழிப்பதற்கு முன் காப்பு நகல் எடுக்க வேண்டும். கூகுள் போட்டோஸைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால், காப்பு நகல் முழுமையாக முடிந்ததா என்பது தெரியும். கேமராவில் எடுத்த படங்கள் மட்டுமே தானாகச் சேமிக்கப்படும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு அந்தக் கோப்புறையைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அங்கே சேமிக்கும் புதிய படங்கள், ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடும் அதே 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கு வைக்கப்படுவதால், அந்த இடமும் நிரம்பியிருந்தால் கணினிக்கோ பென் டிரைவுக்கோ நகலெடுத்துவிடுவது நல்லது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காப்பு நகல் இயங்கும் நிலையில் கூகுள் போட்டோஸுக்குள் ஒரு படத்தை வழக்கமான முறையில் அழித்தால், போனில் இருப்பதோடு இணையத்தில் இருக்கும் நகலும் சேர்ந்து போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதே செயலியில் உள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அது காப்பு நகல் எடுக்கப்பட்டவற்றை மட்டும் போனிலிருந்து நீக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். நம் வீடுகளில் இடத்தை விழுங்குவது பெரும்பாலும் குடும்பக் குழுக்களில் விடியும்முன் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும், பத்துப் பேர் திரும்பத் திரும்ப அனுப்பிய வீடியோக்களுமே. அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதனுள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று போனால், பலமுறை பகிரப்பட்டவை தனியாகவும் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் தெரியும். பெரிய கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ பல போன்களில் 300 எம்பியைத் தாண்டும். ஒரு சாதாரணப் படம் சில எம்பிதான். ஒரு வீடியோவை நீக்கினால் கிடைக்கும் இடத்துக்காக எண்பது, நூறு படங்களை உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். கூடவே, தானாகத் தரவிறங்கும் வசதியை நிறுத்திவிட்டால் அடுத்த மாதம் இதே வேலை பாதியாகக் குறையும்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும், போன் யாருடையதோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்பாவின் போனில் வெறும் எண்களாகத் தெரிந்த ஒரு படம், அவர் கேஸ் பதிவு செய்வதற்காக வைத்திருந்த நுகர்வோர் எண். அப்படிப்பட்டவற்றைத் தனி ஆல்பத்தில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நீக்கலாம்.

செயலிகளின் ‘கேஷ்’ எனப்படும் தற்காலிகக் கோப்புகளைத் தயங்காமல் நீக்கலாம்; ஆனால் அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘க்ளியர் ஸ்டோரேஜ்’ பொத்தானைத் தொடாதீர்கள், அந்தச் செயலியில் நீங்கள் உள்நுழைந்த கணக்கும் போனிலேயே சேமித்த தகவல்களும் அதோடு அழிந்துவிடும்.

ஃபைல்ஸ் செயலியில் அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடக்கும், அதுவரை அவை இடத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். அவசரம் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டுவைத்து, வீட்டில் யாராவது எந்தப் படத்தையாவது தேடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு தொட்டியைக் காலி செய்யுங்கள்.