பெருகிப்போன தூள், சோஸ் போத்தல்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் வெயில் காலத்தில் செத்தல், மல்லி எல்லாம் காயவைத்து மொத்தமாகத் தூள் திரிப்பிக்கிறோம். லீவில் வரும் சொந்தங்கள் லண்டன், கனடாவிலிருந்து சோஸ் போத்தல்களைத் தந்துவிட்டுப் போகிறார்கள். குசினி அலுமாரி நிறையாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் கைகொடுத்த முறை இது.

முதலில் எல்லாவற்றையும் மேசையில் இறக்குங்கள். பிரிஜ் கதவில் இருப்பதையும் சேர்த்துத்தான்.

அடுத்தது கழிப்பது. திகதி முடிந்த சோஸ், மூடி உப்பியது, திறக்கும்போது நுரைத்து வருவது எல்லாம் குப்பைக்கு. கராம்பு, ஏலம், பெருஞ்சீரகம் போன்றவற்றை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பாருங்கள். மணம் இல்லாவிட்டால் வைத்திருந்து பயனில்லை. தூளிலோ செத்தலிலோ பூஞ்சணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு, திரும்பக் காயவைப்பதாலோ கறியில் கொதிப்பதாலோ போய்விடாது. காசைப் பார்க்க வேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை: தூளைப் போத்தலில் அடைப்பது. பலருக்கும் தூள் பழுதாவது இங்கேதான். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அகன்ற தட்டத்தில் பரப்பி வையுங்கள். மேற்பக்கம் சீக்கிரம் ஆறிவிடும், நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். அது முற்றாக ஆறும்வரை மூடக்கூடாது. சூட்டோடு மூடினால் மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, அந்த நீர் தூளில் விழும். முதலில் கட்டிபடும், பிறகு பூஞ்சணம் வரும். போத்தலும் அப்படித்தான். கழுவித் துடைத்தால் போதாது, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். சில மூடிகளுக்குள் வட்டமாக ஒரு மட்டை இருக்கும். அதை விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அடுப்படியில் சின்னப் போத்தல் ஒன்று போதும். மிச்சத்தை அடுப்புச் சூடும் வெளிச்சமும் படாத தட்டில் வையுங்கள், நிறமும் மணமும் நிற்கும். கொதிக்கிற சட்டிக்கு மேல் போத்தலைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள், ஆவி உள்ளே ஏறும். காய்ந்த கரண்டியால் எடுங்கள்.

என்னைக் கேட்டால் கண்ணாடிப் போத்தல்தான். பிளாஸ்டிக்கில் ஒருமுறை கறித்தூள் போட்டால் அந்த வாசம் போகவே போகாது. தேசிக்காய் ஊறுகாய்க்குத் தகர மூடி வேண்டாம், உப்பும் புளியும் சேர்ந்து துருப்பிடிக்கவைக்கும். மாஸ்கிங் டேப்பில் பெயரும் திறந்த திகதியும் எழுதி, போத்தலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.

சோஸ் விஷயம் சுருக்கமானது. திறந்த தக்காளி சோஸ், ஒய்ஸ்டர் சோஸ் பிரிஜ்ஜுக்குள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். மிச்சத்தைத் திகதி முடிய முன்னரே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

மச்சச் சாமான்களுக்குத் தனிக் கூடை வையுங்கள்: மாசி, மீன் சோஸ், ஒய்ஸ்டர் சோஸ், கோழிச் சூப் கட்டி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவமாக இருக்கும் வீடுகளில் கூடையோடு தூக்கி அப்பால் வைத்துவிடலாம். போத்தல் போத்தலாகத் தேடத் தேவையில்லை.

பிற்சேர்க்கை: இதை வாசித்த சிலர் வண்டு பற்றிக் கேட்டிருந்தார்கள். தூளில் வண்டு விழுந்துவிட்டால் அதைக் கொட்டத்தான் வேண்டும். புதிதாக வாங்கும் மல்லி, பெருஞ்சீரகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் பிரீசரில் வையுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். குளிர் முழுக்க விட்டபின் திறந்தால்தான் உள்ளே ஈரம் பிடிக்காது.